தோட்டத்து வாயில்

தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றில் 'தோட்டம்' என்று கூறினால் கேட்போர் மனத்தில் கிணறும் வாழையும் கத்தரிப் பாத்தியும் தோன்றும். நெகிரி செம்பிலானில் அதே சொல்லைக் கூறினால் தோன்றுவன வேறு. வரிசை பிடித்து நிற்கும் பால்மரங்கள், விடியுமுன் ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்களம், நீண்ட லயங்கள், குன்றின்மேல் துரையின் பங்களா, செம்மண் சாலையின் தலைப்பில் குறுக்கே இடப்பட்ட ஒரு கட்டை ஆகியவையே இங்குத் தோட்டம் என்பதன் பொருள். பங்கு மூலதனம் திரட்டிப் பெருநிலப் பரப்பில் நடத்தப்பெற்ற வாணிக நிறுவனத்திற்கும், வீட்டின் கொல்லைப்புறத்தில் முருங்கை நிற்கும் சிறு துண்டு நிலத்திற்கும் தமிழர் ஒரே பெயரை இட்டு வழங்கினர். மலாயாவில் ஆங்கிலேயர் முன்னதை 'எஸ்டேட்' என்றும் பின்னதைக் 'கார்டன்' என்றும் பிரித்தனர். இலாப நட்டக் கணக்கை நோக்குவோர்க்கு அப்பிரிவு பொருத்தமாக இருக்கலாம். தமிழ் வழக்கோ அவ்விரண்டின் பொதுத்தன்மையை விடாமல் பற்றியிருக்கிறது. இரண்டும் வேலி உடையவை, வாயில் உடையவை. இரண்டினுள்ளும் யார் நுழையலாம், யார் நுழையலாகாது என்னும் கேள்வி உண்டு.

இக்கேள்வி தமிழிலக்கியத்திற்குப் புதியதன்று. மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையைப் பூங்காக்களின் வருணனையாகவே கற்பித்துச் செல்வது வகுப்பறை வழக்கம். உன்னிப்பாக நோக்கின் அது நுழைவுரிமை பற்றிய பேச்சாகும். மணிமேகலை மலர் கொய்யப் புறப்பட வேண்டிய வேளையில், அவளைத் தனியே அனுப்புதல் தகாது எனக் கூறும் சுதமதி, புகார் நகரத்துப் பொழில்களை ஒவ்வொன்றாக எண்ணுகிறாள். இலவந்திகை அரசனுக்கு உரியது. அங்கு அரசனைச் சார்ந்தோர் இருப்பர். உய்யானம் பூதங்களின் காவலில் இருப்பது; வானவர்க்கே உரியது. சம்பாதி வனமும் கவேர வனமும் தெய்வக் காவல் உடையவை. எஞ்சிய உவவனத்திற்கே மணிமேகலை செல்கிறாள். அங்கும் உதயகுமரன் தேடிக்கொண்டு வந்துவிடுகிறான். ஐந்து பொழில்களுள் நான்கு மூடியவை. திறந்த ஒன்றும் அச்சம் நீங்கியதன்று. மலாயாத் தோட்டங்களின் வரலாற்றைப் பயில்வோர் இக்கணக்கை மனத்திற்கொள்ளுதல் நன்று.

தனியார் தோட்டங்களைப் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்துவிடும் வழக்கம் ஓர் ஒழுங்கான ஏற்பாடாக உருப்பெற்றது இங்கிலாந்தில். 1927ஆம் ஆண்டில், ஏழை எளியோரின் இல்லங்களுக்குச் சென்று மருத்துவப் பணி புரியும் தாதியருக்கு நிதி திரட்டும் பொருட்டு, நாட்டுப்புற மாளிகைகளின் உடைமையாளர் தம் தோட்ட வாயில்களைத் திறந்துவிட இசைந்தனர். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அவ்வாண்டில் திறக்கப்பெற்ற தோட்டங்கள் 609; திரண்ட தொகை 8,000 பவுனுக்கு மேற்பட்டது. ஒரு ஷில்லிங் கொடுத்தவர் எவராயினும் பிரபுவின் ரோசாப் பாத்திகளுக்கிடையே நடந்து பார்க்கலாம் என்பது அந்நாட்டில் பெருமையாகப் பேசப்பட்டது. நல்ல ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. அதே 1927ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறிய தமிழர், பினாங்கிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் இறங்கி, நோய்த்தடைக் காவலில் நாள் கழித்து, கங்காணியின் பின்னே நடந்து, வேறு வகைத் தோட்டங்களின் வாயிலைக் கடந்து கொண்டிருந்தனர். அவ்வாயில்களில் ஷில்லிங்குக்கு மதிப்பில்லை.

இவ்விருவகைத் தோட்டங்களும் தம்முள் தொடர்பற்றவை எனக் கருதுதல் பிழை. மலாயாவின் மூடிய தோட்டங்கள் ஒரு திறந்த தோட்டத்திலிருந்து தோன்றியவை. அக்கதையின் தொடக்கம் சிங்கப்பூரில், தமிழர் நன்கறிந்த சிராங்கூன் சாலையை ஒட்டிய பகுதியில் உள்ளது.

வாம்போ என அழைக்கப்பெற்ற ஹூ ஆ கே, சீனத்தின் கண்டன் நகரை அடுத்த வாம்போ என்னும் ஊரினர். 1830ஆம் ஆண்டில் இளைஞராகச் சிங்கப்பூருக்கு வந்து, துறைமுகத்திற்கு வரும் கப்பல்களுக்கு உணவுப்பொருள் வழங்கும் தொழிலில் பெருஞ்செல்வர் ஆனார். பின்னாளில் உருசியா, சீனம், சப்பான் ஆகிய மூன்று நாடுகளுக்கும் அங்குத் தூதாண்மை புரிந்தார் என்பது அவர் பெற்றிருந்த மதிப்பிற்குச் சான்று. நகரை விட்டு விலகிய இடத்தில் அவர் ஒரு தோட்டம் அமைத்தார். சீன முறையில் குறுக்கி வளர்த்த மரங்களும், விலங்குகளின் வடிவில் கத்தரிக்கப்பட்ட செடிகளும், தாமரைக் குளங்களும் அங்கு இருந்தன. நகருக்கு வரும் வெளிநாட்டுப் பயணிகள் தவறாது கண்டு செல்லும் இடமாக அது விளங்கிற்று. அவர்கள் சிறப்பு விருந்தினர். பொதுமக்களுக்கோ சீனப் புத்தாண்டு வந்தால் வாயில் திறக்கும். அந்நாளில் கூலியாளும் குடும்பத்தோடு உள்ளே சென்று வரலாம். மலாயத் தீவக்குறையின் வரலாற்றில் பொதுமக்களுக்குத் திறந்த தனியார் தோட்டம் எனக் குறிப்பிடத்தக்கவற்றுள் இது முற்பட்டது. 1880இல் வாம்போ மறைந்தபின் அது கைமாறி 'பெண்டமீர்' எனப் பெயர் பெற்றது. மாளிகை இன்று இல்லை. சாலையின் பெயராக மட்டும் பெண்டமீர் நிற்கிறது.

அவர் செய்த இன்னொரு செயலே இங்கு முதன்மையானது. 1859ஆம் ஆண்டில், வேளாண் தோட்டக்கலைச் சங்கம் ஒன்று சிங்கப்பூரில் பூந்தோட்டம் அமைக்க இடம் தேடியபோது, தங்ளின் பகுதியில் தமக்கிருந்த நிலத்தை விட்டுக்கொடுத்து, ஆற்றங்கரையில் வேறு நிலத்தை மாற்றாகப் பெற்றுக்கொண்டார். அங்கு எழுந்ததே சிங்கப்பூர்த் தாவரப் பூங்கா. சங்கம் கடன்பட்டு நலிந்ததால் 1870களின் நடுவில் அரசு அதனை ஏற்றது. 1877இல், இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 இரப்பர்க் கன்றுகள் அப்பூங்காவிற்கு வந்து சேர்ந்தன. அதற்கு முந்தைய ஆண்டில் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து கொண்டுவந்த ஏறத்தாழ 70,000 விதைகளின் வழி முளைத்தவை அவை. 1888இல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்திற்குக் கேடின்றிப் பட்டையை மீன்முள் வடிவில் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். காப்பியே பொன் எனக் கருதிய தோட்டக்காரரிடம் பையில் விதைகளோடு சென்று நட்டுப் பார்க்குமாறு வற்புறுத்தினார். அவரைப் பித்தர் என்றே பலர் நகைத்தனர். நெகிரி செம்பிலானை அடுத்த மலாக்காவில், புக்கிட் லிந்தாங்கில், டான் சே யான் என்னும் சீனர் 1896இல் ஏறத்தாழ 40 ஏக்கரில் இரப்பர் நட்டார். வாணிக நோக்கில் மலாயாவில் எழுந்த முதல் இரப்பர்த் தோட்டங்களுள் அது ஒன்று.

எவரும் உலாவக்கூடிய பூங்காவில் வளர்ந்த மரம், எவரும் எளிதில் நுழையவியலாத தோட்டங்களை ஈன்றது.

நெகிரி செம்பிலானில் இம்மாற்றம் காப்பியின் வழியாக வந்தது. இலங்கையில் 1869 முதல் இலைத்துரு நோய் காப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. அங்கு நொடித்த தோட்டக்காரர் சிலர் மலாயாவை நோக்கினர். அப்போது சுங்கை ஊஜோங் எனப்பட்ட பகுதி, 1874 முதல் பிரித்தானியர் செல்வாக்கிற்கு உட்பட்டிருந்தது. இலங்கையில் பழகிய தோமஸ் ஹெஸ்லாப் ஹில் என்பார் அங்கு லின்சம் தோட்டத்தில் காப்பி பயிரிட்டார்; இரப்பரையும் அங்கு வெகு முன்னரே நட்டுப் பார்த்தார். சிரம்பானிலிருந்து போர்ட்டிக்சனுக்கு 1891இல் இருப்புப்பாதை திறக்கப்பட்டபின் அப்பாதையின் இருமருங்கும் காடு அழிந்து தோட்டங்கள் பெருகின. 1890களின் இறுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையில் மலிந்து விலை வீழ்ந்தது. புழுவும் செடிகளைத் தின்றது. ஆங்காங்கே நிழலுக்கும் சோதனைக்கும் நின்ற இரப்பர் மரங்கள் தோட்டக்காரரைக் காத்தன. மோட்டார் வண்டியின் பெருக்கத்தால் 1910இல் இரப்பர் விலை உச்சத்தைத் தொட்டபோது, இலண்டனில் பதிவாகும் இரப்பர்க் கும்பினிகளின் பங்குகளுக்கு மக்கள் முட்டி மோதினர். இலங்கையிலிருந்து மரமும் துரையும் மட்டும் வரவில்லை. கங்காணி முறை, யாழ்ப்பாணத்துக் கிராணி, லயம், பெரட்டு ஆகிய எல்லாம் ஒரு தொகுதியாக வந்து சேர்ந்தன.

தோட்டங்களின் பெயர்களை நோக்கினால் ஒரு வேடிக்கை புலப்படும். லின்சம், சிலியாவ், லாபு, சுவா பெத்தோங் என்பன மண்ணின் பெயர்கள். ஆதர்டன், பிராட்வால், மிடில்டன் என்பனவோ இங்கிலாந்து நாட்டு ஊர்களின் பெயர்கள். தம் ஊரின் நினைவைத் துரைமார் இரப்பர்க் காட்டில் நட்டனர். தமிழ்த் தொழிலாளர் அப்பெயர்களை நாவிற்கேற்பத் திரித்தும், பல தோட்டங்களுக்குத் தாமே தனிப் பெயரிட்டும் வழங்கினர். கடிதத்தின் முகவரியில் ஒரு பெயரும் வாய்ப்பேச்சில் வேறொரு பெயருமாகத் தோட்டங்கள் வாழ்ந்தன.

தோட்டத்தினுள்ளே உண்மையில் மூன்று தோட்டங்கள் இருந்தன. முதலாவது பால்மரக் காடு. அது கும்பினிக்கு உரியது. இரண்டாவது குன்றின்மேல், பங்களாவைச் சூழ்ந்த பூந்தோட்டம். வெட்டிச் சீராக்கிய புல்தரை, வாழைப்பூ, காகிதப்பூ, பந்தாட்டக் களம் எனத் துரைசானியின் விருப்பப்படி அது அமைந்தது. அதனைப் பேணியவரும் தமிழரே. புல்வெட்டவும் செடிக்கு நீர் விடவும் நாள்தோறும் அதனுள் சென்றுவந்த தோட்டக்காரர், வேலையில்லாத வேளையில் அங்கு நிற்க உரிமையற்றவர். இங்கிலாந்தில் ஒரு ஷில்லிங்குக்குக் கிடைத்த காட்சி, அதே பூவைத் தம் கையால் வளர்த்தவருக்குக் கிடைக்கவில்லை. மூன்றாவது லயத்தின் பின்புறத்துத் துண்டு நிலம். வரலாற்று நூல்கள் பெரும்பாலும் இதனைக் கண்டுகொள்ளவில்லை. முருங்கை, கறிவேப்பிலை, வாழை, மரவள்ளி, கத்தரி, அகத்தி, வாயிலில் ஒரு துளசி மாடம், பூசைக்குச் செவ்வரளி ஆகியன அங்கு வளர்ந்தன. பால்வெட்டி முடித்து, ஒட்டுப்பாலும் திரட்டிக் கொடுத்து வந்த பின்னர், எஞ்சிய மாலை ஒளியில் பெண்கள் பேணிய தோட்டம் அது. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளியல் மந்தத்தால் இரப்பர் விலை சரிந்து, கூலி குறைந்து, பல்லாயிரவர் தாயகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டபோது, எஞ்சி நின்ற குடும்பங்களின் அடுப்பை எரியவைத்ததில் அத்துண்டு நிலத்திற்குப் பெரும் பங்கு உண்டு.

பால்மரக் காடும் லயமும் கும்பினியின் தனியுடைமை. ஆகவே லயத்திலுள்ள தன் அண்ணனைப் பார்க்க அடுத்த தோட்டத்திலிருந்து வரும் தம்பியும் சட்டத்தின் கண்ணில் துரையின் நிலத்தில் கால்வைக்கும் அயலானே ஆவான். இசைவின்றி நுழைந்தவனை வெளியேற்றும் உரிமை மேலாளருக்கு இருந்தது. தங்கியிருக்கும் விருந்தாளி யார், எத்தனை நாள் தங்குவான் என்பன கங்காணிக்கும் கிராணிக்கும் தெரிவிக்கப்பட வேண்டியவை. இதற்குத் தோட்ட நிருவாகம் கூறிய காரணங்கள் உண்டு: ஒரு தோட்டத்து ஆளை வேறொரு தோட்டத்துக் கங்காணி கூடுதல் கூலி காட்டி இழுத்துச் செல்லும் வழக்கம் பரவியிருந்தது; நோய் பரவும் அச்சமும் இருந்தது. அக்காரணங்கள் முற்றும் பொய்யல்ல. ஆயினும் விருந்தினரைப் போற்றுதலை இல்லறத்தின் தலைக்கடனாகக் கொண்ட ஒரு மக்களுக்கு, தம் வீட்டிற்கு வரும் உறவினரைத் தாமே வரவேற்க இயலாமற்போனது எத்தகைய இழிவு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

ஆண்டில் ஒரு முறை மட்டும் கட்டை தானே உயர்ந்தது. மாரியம்மன் திருவிழா, தீமிதி, முனியாண்டி பூசை போன்ற நாள்களில் அயல் தோட்டத்தார் கூட்டங்கூட்டமாக நடந்து வந்தனர். துரையும் சிறிது நேரம் வந்து மாலை ஏற்றுச் சென்றார். சிங்கப்பூரில் சீனப் புத்தாண்டு செய்ததை நெகிரி செம்பிலான் தோட்டங்களில் அம்மன் செய்தாள். பெண் பார்த்தலும், திருமணப் பேச்சும், ஊர்ச் செய்தி கேட்டலும், பிரிந்த உடன்பிறந்தார் கண்டு அழுதலும் திருவிழாவின் கொட்டுமேளத்திற்கிடையே நடந்தேறின. தோட்டக் கோயில்களின் வரலாற்றைச் சமய வரலாறாக மட்டும் எழுதுவோர் இப்பயனைக் காணத் தவறிவிடுகின்றனர்.

அதிகாரத்தோடு உள்ளே வந்த விருந்தினர் சிலரும் உண்டு. இந்திய அரசின் முகவர் 1920கள் முதல் மலாயாவில் இருந்து தொழிலாளர் நிலையைப் பார்வையிட்டு அறிக்கை எழுதி வந்தார். 1936ஆம் ஆண்டின் இறுதியில் வி. எஸ். சீனிவாச சாத்திரியார் இந்திய அரசின் சார்பில் மலாயா வந்து தோட்டங்களைக் கண்டார். 1937இல் வெளிவந்த அவரது அறிக்கை கங்காணி வழி ஆள்சேர்ப்பை நிறுத்துமாறு கூறியது. எனினும் தொழிலாளர் நிலையைப் பொதுவில் குறைவாக மதிப்பிடவில்லை என்பதால் இங்கிருந்த இந்தியத் தலைவர்கள் மனநிறைவு கொள்ளவில்லை. முன்னறிவிப்போடு வரும் விருந்தினருக்குக் காட்டப்படும் தோட்டம் எப்போதும் பெருக்கி நீர் தெளித்த தோட்டமே. 1938 சூனில், உதவி பெற்றுவரும் உடலுழைப்புத் தொழிலாளர் மலாயாவுக்குப் புறப்படுவதை இந்திய அரசு தடைசெய்தது.

இந்நிலையில்தான் 1941ஆம் ஆண்டின் கிள்ளான் வேலைநிறுத்தம் மூண்டது. தமிழ் நேசனில் பணியாற்றிய ஆர். எச். நாதன் தலைமையில் கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம் தொழிலாளரைத் திரட்டியது. சீனத் தொழிலாளருக்கு நிகரான கூலி என்பதே அவ்வேலைநிறுத்தத்தின் கோரிக்கையாகப் பாடநூல்களில் நினைவுகூரப்படுகிறது. கோரிக்கைப் பட்டியலை முழுமையாகப் படிப்போர் வியப்படைவர். பிள்ளைகளுக்குத் தக்க கல்வி வேண்டும். மருத்துவ வசதி வேண்டும். கள்ளுக்கடைகள் மூடப்பட வேண்டும். பெண்களை இழிவுசெய்தல் நிற்க வேண்டும். துரைமார், அலுவலர் முன்னிலையில் மிதிவண்டியிலிருந்து இறங்கி நிற்கும் கட்டாயம் ஒழிய வேண்டும். இவற்றோடு, உறவினரும் நண்பரும் தோட்டத்திற்குள் தடையின்றி வந்துபோக உரிமை வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கையாக இடம்பெற்றது.

காசும் அரிசியும் கேட்ட அதே மூச்சில் விருந்தினரையும் கேட்டனர். மலேசியத் தமிழர் வரலாற்றில் இதனினும் பெருமைக்குரிய வரி வேறொன்று இருத்தல் அரிது. மிதிவண்டிக் கோரிக்கையும் இதனோடு ஒட்டியதே. 1930களில் தொழிலாளர் கையில் மிதிவண்டி வந்ததும், ஒரு நாள் நடையாக இருந்த அயல் தோட்டம் ஒரு மணி நேரத் தொலைவாகக் குறுகியது. உறவு பெருகிற்று, செய்தித்தாள் வந்தது, கூட்டங்களுக்குச் செல்ல முடிந்தது. வாயிலில் இறங்கி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும் என்ற விதி, அவ்விரைவைத் துரையின் கண்முன் தடுத்து நிறுத்தும் முயற்சியாகும்.

1941 மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் நாடு கடத்தப்பட்டார். வேலைநிறுத்தம் சிலாங்கூர் முழுவதும் விரிந்து நெகிரி செம்பிலான் தோட்டங்களையும் தொட்டது. படை வரவழைக்கப்பட்டது; துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் உயிரிழந்தனர்; பலர் சிறைப்பட்டனர். அவ்வாண்டு திசம்பரில் சப்பானியர் படையெடுத்து வந்தபோது துரைமார் பங்களாக்களை விட்டு ஓடினர். பூந்தோட்டங்களில் புல் மண்டியது. வாயில் காக்க ஆளில்லாத அக்காலத்திலும் தோட்டம் மக்களுடையதாகவில்லை. சயாம் மரண இரயில் பாதைக்கு ஆள் பிடிக்க வந்த லாரிகளுக்கு அது எளிதாகத் திறந்துகொண்டது. சென்றவருள் மிகப் பலர் திரும்பவில்லை.

போருக்குப் பின் தொழிற்சங்கத்தார் தோட்டத்தில் நுழைவதே ஒரு போராட்டமாயிற்று. தொழிலாளர் கூட்டத்தில் பேச வருபவரை அத்துமீறி நுழைந்தவராகக் கருத நிருவாகத்திற்கு வழியிருந்தது. சிரம்பானைக் களமாகக் கொண்டு இளமையிலேயே சங்கப் பணி தொடங்கிய பி. பி. நாராயணன், 1954இல் பல சங்கங்கள் இணைந்து தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமாக உருவெடுக்கக் காரணமானவருள் முதன்மையானவர். 1975இல் அவர் சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகப் பேரவைக்குத் தலைவரானார். 1948இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலம் வாயிலுக்கு முள்வேலியும் கூட்டிற்று. சிதறிக் கிடந்த லயங்கள் ஓரிடத்தில் குவிக்கப்பட்டன, ஊரடங்கு வந்தது, வெளியே செல்பவர் எடுத்துச் செல்லும் உணவும் சோதிக்கப்பட்டது. அவசரகாலம் 1960இல் நீங்கியது. முள்வேலி சில தோட்டங்களில் அதற்குப் பின்னும் துருப்பிடித்து நின்றது.

அதன்பின் நேர்ந்தது வேறு வகை மாற்றம். விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் அயல்நாட்டு உடைமையாளர் பலர் தோட்டங்களை விற்றனர். வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையும் வீடும் ஒருங்கே இழந்த மக்களுக்காக வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் கெடா மாநிலத்தின் புக்கிட் சிடிம் தோட்டம் முதலில் வாங்கப்பட்டது. வாயிலின் சாவி தொழிலாளர் கைக்கு வந்த அரிய நிகழ்ச்சி அது. நெகிரி செம்பிலானின் பெரும்பாலான தோட்டங்களிலோ இரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை நடப்பட்டது. பின்னர் நீலாய், லாபு, செண்டாயான் வட்டாரங்களில் செம்பனையும் அழிந்து வீடமைப்புப் பகுதிகள் எழுந்தன.

இரப்பர்த் தோட்டம் மறைவதற்கு இஃது ஒன்றே வழியன்று என்பதற்கு இலங்கையில் சான்று உண்டு. பிரேசில் மரம் ஆசியாவில் முதலில் வேரூன்றிய இடங்களுள் ஒன்று அந்நாட்டின் எனரத்கொடைத் தாவரத் தோட்டம். 1876இலேயே கன்றுகள் அங்குச் சேர்ந்தன. அதன் வழிவந்த தோட்டங்களுள் இரண்டு, தென்மேற்குக் கரையில் பாவா உடன்பிறந்தாரின் கையில் இருந்தன. மூத்தவர் பெவிசு பாவா, பேருவளைக்கு அருகிலிருந்த குடும்ப இரப்பர்த் தோட்டத்தின் ஒரு பகுதியை 1929 முதல் பூந்தோட்டமாக மாற்றினார். வழக்குரைஞரான அவர் தந்தை, வழக்கொன்றில் ஈட்டிய பணத்தால் வாங்கிய நிலமாதலின் அதற்கு வழக்குக் கட்டைக் குறிக்கும் 'பிரீஃப்' என்னும் பெயர் ஏற்பட்டது. இளையவர் சியாப்ரி பாவா, பின்னாளில் ஆசியாவின் புகழ்பெற்ற கட்டடக் கலைஞர். அவர் 1948இல் பெந்தோட்டைக்கு அருகே தெத்துவ ஏரிக்கரையில், ஒல்லாந்தர் காலத்தில் கறுவாவும் ஆங்கிலேயர் காலத்தில் இரப்பரும் விளைந்த நிலத்தை வாங்கி, லுனுகங்கை எனப் பெயரிட்டார். தொலைவிலுள்ள புத்த தாதுகோபம் வீட்டிலிருந்து தெரியவேண்டும் என்பதற்காக இடையில் நின்ற குன்றின் தலையையே தாழ்த்தினார். அரை நூற்றாண்டுக்கு மேல் செதுக்கப்பெற்ற அத்தோட்டம், 2003இல் அவர் மறைந்தபின் அறக்கட்டளையின் பொறுப்பில் மக்கள் பார்வைக்கு உரியதாயிற்று. பிரீஃப் தோட்டத்தையும் கட்டணம் செலுத்திக் காணலாம். மலேசியாவிலும் இத்தகைய ஒன்று உண்டு. சிலாங்கூரில் குவாங் என்னுமிடத்தில் கட்டடக் கலைஞர் ஹிஜாஸ் கஸ்தூரியும் அவர் துணைவியார் ஏஞ்சலாவும் 14 ஏக்கரில் அமைத்த ரிம்புன் டஹான், இவ்வட்டாரத்து மரஞ்செடிகளையும், பேராவிலிருந்து பெயர்த்துக் கொணர்ந்த 1901ஆம் ஆண்டு மரவீட்டையும் கொண்டது. குறித்த நாள்களில் அங்குப் பார்வையாளர் சென்றுவந்துள்ளனர்.

லுனுகங்கையின் அழகு ஐயத்திற்கு இடமற்றது. அங்குச் செல்வோர் காண்பது ஒரு தனிமனிதரின் கற்பனை. ஆயினும் குன்றைத் தாழ்த்திய மண்வெட்டிகள் எவருடையவை, அதற்கு முன் அந்த மரங்களில் பால் வெட்டியவர் எவர் என்பவற்றைப் பார்வையாளர் கேட்பது அரிது. தோட்டக்கலை நூல்களில் உடைமையாளரின் பெயர் உண்டு. செடியின் பெயர் இலத்தீனில் உண்டு. நட்டவரின் பெயருக்கு அவற்றில் இடமில்லை.

நெகிரி செம்பிலானில் நட்டவரின் பெயர் வேறு முறையில் காக்கப்படுகிறது. லின்சம், ஆதர்டன், பிராட்வால், கெர்பி, மிடில்டன், சுவா பெத்தோங் என்னும் பெயர்களைத் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப்பலகைகள் தாங்கி நிற்கின்றன. லயங்கள் இடிக்கப்பட்ட தோட்டங்களிலும் கோயில் பல இடங்களில் எஞ்சியுள்ளது. திருவிழா நாளில் சிரம்பானிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் மகிழுந்துகளில் பழைய குடும்பங்கள் வருகின்றன. செம்பனைத் தோட்டத்தின் வாயிலில் காவலர் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு கட்டையை உயர்த்துகிறார். வந்தவர்கள் அம்மனை வணங்கியபின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு செம்பனை வரிசைகளுக்கிடையே நடக்கின்றனர். சுவரோ படியோ அங்கில்லை. வரிசைக்கு ஒத்துவராமல் ஒரு மாமரமும், சற்றுத் தள்ளி ஒரு முருங்கையும், அடியில் கறிவேப்பிலைக் கன்றுகளும் நிற்கும் இடமே லயம் இருந்த இடம். எந்த வீட்டின் பின்புறம் எந்த மரம் நின்றது, அதனை வைத்த பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தவர் என்பதை முதியவர்கள் அங்கு நின்று பிள்ளைகளுக்குச் சொல்கின்றனர். புறப்படுமுன் சிலர் கறிவேப்பிலைக் கன்றொன்றை மண்ணோடு பெயர்த்து எடுத்துச் செல்கின்றனர்.